யார் வாசலில் யார் விருந்தாளி? சுற்றுலாச் சொல்லாடலும் சமவெளி இருளரும்

விழுப்புரத்தில் ஒரு கருத்தரங்கு. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கத்தில் இப்படியான கூட்டங்களுக்குக் குறைவில்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் 'பழங்குடிச் சமூகங்களுடன் இணைந்து நீடித்த சுற்றுலா' என்று எழுதியிருந்தது. திரையில் ஒரு படம் போட்டார்கள். இடுப்பில் துண்டு, கையில் நாகம், ஒரு பெரியவர். கீழே 'இருளர்' என்று மட்டும் இருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து, படத்தில் இருப்பவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டேன். பேசியவர் இளைஞர், நல்ல பிள்ளை. கோபப்படவில்லை. "அது இன்டர்நெட்ல எடுத்தது சார், ஒரு மாதிரிக்குத்தான்" என்றார். அரங்கில் இருளர் யாராவது இருக்கிறார்களா என்று அடுத்துக் கேட்டேன். பதில் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன், இரண்டு பேர் இருந்தார்கள். கூலிக்கு வந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவரை எனக்குத் தெரியும். "வாங்க சார், சாப்டீங்களா" என்றார்.

அன்று முழுக்க என்னை உறுத்தியது அந்த 'மாதிரி' என்ற சொல்லும், பேனரில் இருந்த 'உடன்' என்ற சொல்லும்தான். ஒருவருடன் இணைந்து ஒன்றைச் செய்வது என்றால் இரண்டு தரப்பும் நிற்பதற்கு இடம் வேண்டும். சுற்றுலாவில் ஒரு தரப்பு வருபவர், மறு தரப்பு வரவேற்பவர். வரவேற்பவருக்கு ஒரு வாசலாவது வேண்டாமா? இந்த எளிய கேள்வியை 'நீடித்த சுற்றுலா' என்ற சொல்லாடல் எப்படித் தாண்டிப்போகிறது என்பதே நான் இங்கே பேச விரும்புவது. 2002ஐ ஐ.நா. சூழல் சுற்றுலா ஆண்டாக அறிவித்ததிலிருந்து இந்தச் சொல்லாடல் உலகெங்கும் ஒரே குரலில்தான் பேசிவருகிறது. உள்ளூர் மக்கள், பங்கேற்பு, வாழ்வாதாரம், பண்பாட்டுப் பாதுகாப்பு. எல்லாம் நல்ல சொற்கள். யார் நிலத்தில், யார் பெயரில் என்ற இரண்டு கேள்விகள் மட்டும் அதில் இருப்பதில்லை.

பழங்குடி என்றால் மலை என்பது நம் பொதுப்புத்தி. கல்வராயன் மலை 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. பழங்குடிச் சுற்றுலா என்று அதிகாரிகள் பேசினால் அந்த மலையையும் அதன் அருவிகளையும் மலையாளிப் பழங்குடியினரையுமே நினைத்தார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி மலை கைவிட்டுப் போனதும்தான், திண்டிவனம், செஞ்சி, வானூர், மரக்காணம் பக்கம் ஏரிக்கரையிலும் சவுக்குத் தோப்பிலும் செங்கல் சூளையிலும் வாழும் இருளர் 'கண்டுபிடிக்க'ப்பட்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏழு லட்சத்து 94 ஆயிரம் பேர்; அவர்களில் இருளர் 1 லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேல். அழிவின் விளிம்பில் இருப்பதாக அரசே தனியாக வகைப்படுத்தியுள்ள ஆறு பழங்குடிகளில் அவர்களும் ஒன்று. ஆனால் சமவெளி இருளரை ஒரு அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள்.

நான் போய் நின்றிருக்கிறேன். 1989 நவம்பருக்குப் பிறகு பழங்குடிச் சான்றிதழ் தரும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியர் மட்டத்துக்குப் போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பையனுக்காக ஒரு அலுவலகத்துக்கு (எந்த ஊர் என்பது வேண்டாம்) ஏழெட்டுத் தடவை அலைந்தோம். விசாரணைக்கு வந்தவர் பையனின் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "இருளருங்கறியே, பாம்பு புடிப்பியா? எங்க, புடிச்சிக் காட்டு பாக்கலாம்." அவர் சூளையில் கல் அறுக்கிறவர். பாம்பைக் கண்டால் நம்மைப்போலவே ஒதுங்கிப் போகிறவர். அதோடு, அனுமதியில்லாமல் பாம்பு பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அரசு அலுவலர் ஒருவர் தன் குடிமகனிடம், நீ நீதான் என்று நிரூபிக்க ஒரு குற்றத்தைச் செய்து காட்டு என்கிறார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்தப் பையனுக்கு அந்த வருஷம் கல்லூரி போனது.

விழுப்புரத்துத் திரையில் பார்த்த படமும் இந்த விசாரணையும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. சுற்றுலாப் பயணி அசலான இருளரைக் கேட்கிறார். அலுவலரும் அசலான இருளரைத்தான் கேட்கிறார். இருவருக்கும் ஒரே பரீட்சை: பாம்பைப் பிடித்துக் காட்டு. முன்னவர் டிக்கெட் வாங்குவார், பின்னவர் சான்றிதழ் தருவார். இந்தப் பார்வைக்கு நம்மிடம் நூறாண்டுக்கும் மேற்பட்ட வம்சாவளி உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து பார்த்தவர். 1909ல் வெளிவந்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளில் இருளருக்கும் ஒரு பதிவு உண்டு. அளவுகோலின் இடத்தில் இன்று செல்போன் காமிரா. டீன் மெக்கானல் 1976ல் எழுதிய 'சுற்றுலாப் பயணி' என்ற நூலில் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார்: பயணி தேடுவது பிறர் வாழ்வின் பின்கட்டை; தேடுகிறார் என்று தெரிந்ததும் பின்கட்டே இன்னொரு மேடையாகிவிடுகிறது. ஆனால் மெக்கானல் பின்கட்டு என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறார். முன்கட்டும் பின்கட்டும் பிரியாத, நான்கு தப்பைக் கம்பும் ஒரு தார்ப்பாயுமான குடிசைக்கு அந்தக் கோட்பாடு அப்படியே பொருந்தாது.

இதன் கடைக்கோடியை நாம் அந்தமானில் பார்த்தோம். ஜாரவாக்கள் காட்டுக்குள் போகும் நெடுஞ்சாலையில் தின்பண்டத்துக்காகப் பெண்களை ஆடவைத்த காணொளி 2012 ஜனவரியில் வெளிவந்து உலகமே பேசியது. 2013ல் உச்சநீதிமன்றம் தலையிட்டது. அந்தச் சாலையை மூடவேண்டும் என்று அதே நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். 'அது வேற, இது வேற' என்பார்கள். வேறுதான். ஆனால் பார்ப்பவர் விலக முடியும், பார்க்கப்படுபவர் விலக முடியாது என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது.

செஞ்சிக்கு வருவோம். 'மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற தலைப்பில் யுனெஸ்கோ சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. 1677ல் சிவாஜி பிடித்தார், பிறகு இராஜாராம் தங்கினார், 1698ல் மொகலாயர் வசமானது, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கதை போகும். நம் ஊர்க்காரர்களுக்கு தேசிங்குராஜன். கோட்டையின் கதையாடலில் பிடித்தவர்களும் இழந்தவர்களும் இருக்கிறார்கள். மூன்று மலைகளுக்கு நடுவிலும் அவற்றைச் சுற்றியும் மூலிகை பறித்தவர்கள், கிழங்கு தோண்டியவர்கள், எலி வளையிலிருந்து நெல் எடுத்தவர்கள் அந்தக் கதையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. இதற்காக இருளரையும் கொண்டுபோய்க் கோட்டையின் கதையில் ஒரு பத்தியாகச் செருகுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செருகினால் அது மறுபடி ஒரு 'மாதிரி'யாகத்தான் முடியும்.

நான் கேட்பது வேறு. மாமல்லபுரம் 1984லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதன் பக்கத்திலேயே உள்ள பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நேரில் வந்து பட்டாவும் சாதிச் சான்றும் கொடுத்தது 2021 நவம்பரில். 'ஜெய் பீம்' படம் வெளியாகி இரண்டு மூன்று நாளில். இடையில் 37 வருஷம். உலகமே வந்து பார்த்துப் போன ஊரில், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பட்டா வர 37 வருஷமும் ஒரு சினிமாவும் தேவைப்பட்டன. சுற்றுலா வந்தால் வளர்ச்சி தானாக வழிந்து கீழே வரும் என்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். செஞ்சிக்கு அந்த 37 வருஷம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

செஞ்சி பக்கத்து ஊர் ஒன்றில் எனக்குப் பழக்கமான ஒரு ஆயா இருக்கிறார். கருத்தரங்கில் கேட்டதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வெளியூர்க்காரர்கள் வந்து உங்கள் வீட்டில் தங்குவார்கள், நீங்கள் சமைத்துப் போடலாம், காசு தருவார்கள் என்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "வரட்டும் வாத்தியாரே. வந்து எங்க குந்துவாங்க? இந்த எடமே மொதலாளி எடம். மழைக்கு ஒரு ஓலை சேத்துப் போட்டாலே அவரு ஆளு வந்து ஏன்னு கேக்கறான். இதுல நான் யாரை வான்னு கூப்புட்றது?" கொஞ்சம் விட்டு, "வேணான்னா போவச் சொல்லவும் முடியாதே" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் விஷயம். போ என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர் வா என்று சொன்னால் அது அழைப்பு ஆகாது. பழங்குடிகளின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதம் என்று 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் விரிவாகப் பேசுகிறது. இந்தியா அதை ஆதரித்து வாக்களித்த நாடு. ஆயா அதை ஒன்றரை வரியில் சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயத்தையும் அவர் சொல்லாமல் சொன்னார் என்றே நினைக்கிறேன். இராத்திரி. வீட்டில் அந்நியர் தங்குவது என்பது இருளர் குடியிருப்பில் வெறும் விருந்து விவகாரம் இல்லை. எங்காவது திருட்டு நடந்தால் முதலில் வண்டி வந்து நிற்பது அங்கேதான். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி.மண்டபம் கிராமத்தில் நடந்ததை மறந்தவர்கள் இருக்கலாம். திருட்டு வழக்கு விசாரணை என்று இரவில் வந்த போலீசார், இருளர் பெண்கள் நான்கு பேரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள் என்பது புகார். வெளிநாட்டார் ஒருவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தரவேண்டும் என்பது விதி. அந்த விதியை ஒரு ஓட்டல் முதலாளி எப்படி எதிர்கொள்வார், இந்தக் குடியிருப்பில் ஒரு பெண் எப்படி எதிர்கொள்வார் என்று யோசித்தால், 'வீட்டுத் தங்கல்' என்ற இனிமையான சொல் வேறுமாதிரி ஒலிக்கும்.

மரக்காணம் பக்கம் விஷயம் இன்னும் சிக்கல், ஆனால் அங்கேதான் ஒரு பிடியும் இருக்கிறது. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரியும் நீர்ப்பரப்பு. மரக்காணத்தில் பன்னாட்டுப் பறவைகள் மையம் ஒன்று 25 கோடி ரூபாயில் வரும் என்று 2023ல் நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். பறவை பார்க்க ஆட்கள் வருவார்கள். வரட்டும், கழுவெளி காப்பாற்றப்பட வேண்டிய இடம்தான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் இறங்கி மீனும் நண்டும் இறாலும் பிடித்துப் பிழைப்பவர்களில் இருளரும் உண்டு. சரணாலயம் என்று பலகை வைத்ததும் நேற்றுவரை மீன் பிடித்தவர் இன்று அத்துமீறுபவர் ஆகிவிடுகிறார். நாளைக்கு அவரையே காக்கிச் சட்டை போட்டுப் படகு தள்ளவோ, வந்தவர்களுக்கு 'பாரம்பரிய முறையில்' நண்டு பிடித்துக் காட்டவோ கூப்பிடலாம். அதைப் பங்கேற்பு என்றும் எழுதிக்கொள்ளலாம்.

பிடி எது என்றால், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 'வன நிலம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்திலேயே சரணாலயங்களும் அடக்கம். அதாவது, கழுவெளியைச் சரணாலயமாக்கிய அதே உத்தரவு, அங்கே இந்தச் சட்டம் பேசப்படுவதற்கான கதவையும் திறந்துவிட்டது. நீர்நிலைகளின் மீன் முதலான விளைபொருள்களைப் பயன்படுத்தும் சமூக உரிமையைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கோரிக்கை கிராமசபையில் தொடங்குகிறது. முதியோரின் வாய்மொழி, எழுத்தில் பதியப்பட்டால், சான்றாக ஏற்கப்படும். பாம்பு பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. எங்கே, எந்த மாசத்தில், என்ன பிடித்தோம் என்று ஒரு கிழவர் சொன்னால் அது ஆவணம். ஆனால் இங்கேயும் அந்தப் பழைய காகிதம் குறுக்கே வருகிறது. பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அங்கே வாழ்ந்து அதைச் சார்ந்திருப்பதைக் காட்டினால் போதும். சான்றிதழ் இல்லாவிட்டால் அவர் 'பிற மரபுவழி வனவாசி'. மூன்று தலைமுறை, 75 வருஷத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும். வருஷத்துக்கொரு சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பெயர்ந்துகொண்டே இருக்கிறவர் 75 வருஷத்துக்கு எங்கே போவார்? சாதிச் சான்று, பட்டா, பொய்வழக்கு, கொத்தடிமை என்று பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று கட்டிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் திண்டிவனத்தை மையமாக வைத்துப் பல ஆண்டுகளாகப் போராடிவருவதன் அருமை, சுற்றுலா பற்றிப் பேச உட்காரும்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது. சுற்றுலா நிபுணர்கள் 'அடிப்படைக் கட்டமைப்பு' என்று சொல்வது சாலையும் கழிப்பறையும். முதல் அடிப்படைக் கட்டமைப்பு அந்தக் காகிதங்கள்.

நல்ல உதாரணமே இல்லையா என்று கேட்கலாம். வடநெம்மேலி இருக்கிறது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976ல் தடைசெய்யப்பட்டதும் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர் தெருவுக்கு வந்தார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. முதலைப் பண்ணை பார்க்க வருபவர்கள் அதையும் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறார்கள். கவனிக்க வேண்டியது: இங்கே காட்சி பக்கவிளைவு. வேலை முதலில், பார்வையாளர் பிறகு. நாளைக்கு ஒருவரும் வராவிட்டாலும் நஞ்சுக்குத் தேவை இருக்கும். ஆனாலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதிதான் தீர்மானிக்கிறது. அனுமதி தாமதமானால் சங்கம் படுத்துவிடும். அறிவு இவர்களுடையது, சாவி வேறிடத்தில். செங்கல்பட்டுப் பக்கத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் அங்கே போனது காட்சிப்பொருளாக அல்ல, நிபுணர்களாக. 'மாதிரி' படத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் நான் ஒரு சாயங்காலம் திண்டிவனம் டீக்கடையில் அந்தப் பையனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். மேலே சொன்ன, கல்லூரி போன பையன்தான். அடுத்த வருஷம் சான்றிதழ் வாங்கிச் சேர்ந்துவிட்டான். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "நீங்க ஊர் ஊரா போயி எங்களப் பத்தி எழுதினா ஆராய்ச்சி. நான் கோட்டையில நாலு பேருக்கு வழி காட்டினா சுரண்டலா சார்?" என்றான். "எங்கம்மா மில்லுல நெல்லு அவிக்குது. அதவிடவா கேவலம்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் முழுசாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடித்தள மக்களைக் காட்சிப்படுத்தக் கூடாது என்று நாம் சொல்லும்போது, அவர்கள் எப்படி இருக்கவேண்டும் என்று நாமும்தான் தீர்மானிக்கிறோம். அரசு அலுவலர் பாம்பு பிடிக்கும் இருளரைக் கேட்டார். நான் பாம்பு பிடிக்க மறுக்கும் இருளரைக் கேட்டேன் போலிருக்கிறது. அவன் கேட்பது அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி என்ற அட்டை, இங்கிலீஷ், மாசச் சம்பளம். கோட்டையைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறான், தன்னைப் பற்றி அல்ல. சிவாஜியையும் தேசிங்கையும் ஒரு இருளர் பையன் விளக்குவது, இருளரை வேறு யாரோ விளக்குவதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. கருத்தரங்கில் போட்ட திட்டத்தில் அந்த வேலைக்கு இடமில்லை. அதில் இருளருக்கென்று ஒதுக்கியிருந்தவை மூன்று: மூலிகை நடை, நடனம், சமையல்.

இருளரைப் பார்க்க யார் போவது என்றே பேசுகிறோம். இருளர் போகும் பயணத்தை யாரும் சுற்றுலா என்று சொல்வதில்லை. மாசி மகத்துக்கு விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டு, திருவள்ளூர் என்று பல மாவட்டத்திலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேர்கிறார்கள். சேலைகளைக் கட்டிக் குடில் போட்டு, மணலில் கோயில் கட்டி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியுமுன் கல்யாணம், காதுகுத்து, மொட்டை எல்லாம் முடிக்கிறார்கள். சூளை முதலாளியிடம் சண்டை போட்டாவது அந்த இரண்டு நாள் வாங்கிவிடுகிறார்கள். வருஷத்தில் அவர்கள் தங்கள் விருப்பத்துக்குப் போய், தங்கள் விருப்பத்துக்குத் திரும்பும் பயணம் அது.

நானும் ஒரு தடவை அந்தப் பையன் குடும்பத்தோடு போயிருந்தேன். விடியற்காலை நாலரை இருக்கும். கடற்கரைக் கோயில் பக்கமிருந்து காமிராவோடு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒரு பெண் குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேராக விளக்கு அடித்தது. பையனின் அம்மா எழுந்து போய், குடிலில் கட்டியிருந்த சேலை ஒன்றை அவிழ்த்து இரண்டு பேர் கையில் பிடிக்கக் கொடுத்து, மறைத்து நிற்கச் சொன்னார். "அந்தாண்ட போங்க சார், முடிஞ்சதும் வாங்க" என்றார் அவர்களிடம். போனார்கள். மில்லிலும் சூளையிலும் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. மணலில் நின்றுகொண்டிருந்த என்னையும் திரும்பிப் பார்த்தார். நானும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.